“ஸ்கூல்ல போக மாட்டேன்... வீட்டுக்கு வந்துதான் போவேன்!” - குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு ஒரு முழு கைடு

புவனகிரி பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் படிக்க வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்து, அவசர அவசரமாகக் குளித்து, அரை டம்ளர் காபியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். வயிறு லேசாக முறுக்குகிறது. “இப்போ உக்காந்தா பஸ்ஸு போயிடும், சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று கிளம்பிவிடுகிறாள். பதினோரு மணிக்கு மறுபடியும் அதே உணர்வு. ஸ்கூல் டாய்லெட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பக்கெட்டில் தண்ணீர் இல்லை. வெளியே நாலு பேர் நிற்கிறார்கள். அடக்கிக்கொள்கிறாள். மாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், வரவே இல்லை.

இப்படியே மூணு நாள் ஓடுகிறது. நாலாவது நாள் முக்கி முக்கிப் போகும்போது உயிர் போகிற வலி, கூடவே இரண்டு சொட்டு ரத்தம். அடுத்த நாளிலிருந்து டாய்லெட்டை நினைத்தாலே பயம். வீட்டில் என்ன சொல்வார்கள்? “உடம்புல சூடு ஏறிடுச்சு. தண்ணி நிறைய குடி, வாழைப்பழம் சாப்பிடு.”

இந்த மாணவி கற்பனைதான். ஆனால், கடலூரோ சிதம்பரமோ, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்க நிறையவே வாய்ப்பிருக்கிறது. வாழைப்பழத்தோடு இந்தக் கதை ஏன் முடிவதில்லை, என்ன செய்தால் முடியும்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளே என்னதான் நடக்குது?

சாப்பிட்டது செரித்து, மிச்சம் பெருங்குடலுக்கு வரும்போது கிட்டத்தட்ட கூழ் மாதிரி இருக்கும். அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. மலக்குடலில் போதுமான அளவு சேர்ந்ததும் ‘போகணும்’ என்று மூளைக்குச் சிக்னல் போகும். அந்த நேரத்தில் போய்விட்டால் பிரச்னையே இல்லை.

அடக்கினால்? அந்த உணர்வு சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் மலம் உள்ளேயேதான் இருக்கும். குடல் தன் பாட்டுக்கு அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக அது கெட்டியாகும், பெரிதாகும். வெளியே வரும்போது வலிக்கும், சில நேரம் ஆசனவாயில் வெடிப்பு விழும். ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை குழந்தை வேண்டுமென்றே அடக்கும். அடக்கினால் இன்னும் கெட்டியாகும். வலி, பயம், அடக்குதல், மறுபடி வலி... இந்தச் சுழல்தான் குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு அடிப்படை.

மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குடலிலோ நரம்பிலோ எந்தக் கோளாறும் இருப்பதில்லை. அவர்களை வாட்டுவது இந்தச் சுழல்தான். அதை உடைக்காமல் ஒருநாள் மட்டும் வயிற்றைக் காலி செய்து அனுப்பினால், அடுத்த வாரமே பழைய கதை.

நம் பக்கத்து நாடான இலங்கையில் 10 முதல் 16 வயதுள்ள பள்ளி மாணவர்களிடம் நடந்து, 2012-ல் வெளியான ஆய்வில் 15.4% பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துப் பள்ளிகளிலும், போர் பாதித்த பகுதிகளிலும், குடும்பத்தில் ஏற்கெனவே இந்தப் பிரச்னை இருந்தவர்களிடமும் அது அதிகமாக இருந்தது. சோறும் குழம்பும் சாப்பிடும் ஊரில்தான் இந்த நிலை. அதனால் ‘பீட்சா, பர்கர் சாப்பிடுற பசங்களுக்குத்தான் வரும்’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் போகலைன்னா மலச்சிக்கல்?

‘தினமும் போயே ஆகணும்’ என்பது சட்டம் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, வலியில்லாமல், இளகலாகப் போகும் குழந்தை நார்மல்தான். தினமும் போனாலும், ஆட்டுப்புழுக்கை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, அழுதுகொண்டே போனால் அது மலச்சிக்கல்.

கீழே இருப்பதில் இரண்டு விஷயங்கள் ஒரு மாதமாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் பேசுங்கள்:

* வாரத்துக்கு இரண்டு முறை அல்லது அதற்கும் குறைவாகப் போவது
* வலி, அல்லது கல் மாதிரி கெட்டியான மலம்
* டாய்லெட்டை அடைத்துவிடும் அளவுக்குப் பெரிய மலம்
* காலைப் பின்னிக்கொண்டு, இறுக்கி அடக்குவது
* டாய்லெட் போகப் பழகிய பிறகும் ஜட்டியில் கறை படுவது

டாக்டர்கள் ஒரு படம் காட்டி “இதுல எந்த மாதிரி போறே?” என்று குழந்தையிடம் கேட்பார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட ‘பிரிஸ்டல் அட்டவணை’ அது. மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. 1 என்பது தனித்தனி உருண்டை, 2 என்பது கட்டி கட்டியாக ஒட்டியது, 4 என்பது வழவழப்பான வாழைப்பழம் மாதிரி, 7 என்பது வெறும் தண்ணீர். ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல். நான்குதான் டார்கெட். டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம், எந்தத் தேதியில் எந்த நம்பர் என்று போனில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த வயசுல ஆரம்பிக்குது?

பெரும்பாலும் மூன்று கட்டங்களில்.

முதலாவது, ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு தொடங்கும்போது. இரண்டாவது, டாய்லெட் பழக்கும்போது. இரண்டு வயது முடியும் முன்பே கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால், குழந்தை அதை ஒரு சண்டையாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, எல்.கே.ஜி-யோ ஒன்றாம் வகுப்போ சேரும்போது. புது இடம், புது டாய்லெட், “மிஸ், போகணும்” என்று கேட்கக் கூச்சம்.

இரண்டு மூன்று வயதுக் குழந்தை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, நுனிக்காலில் நின்று, கட்டிலைப் பிடித்தபடி முகம் சிவக்க இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். “பாவம், முக்குறான்” என்று நினைப்போம். பல நேரங்களில் அது முக்குவதே இல்லை, வெளியே வராமல் இருக்க முழு பலத்தோடு அடக்குவது. வித்தியாசம் தெரிந்தால்தான் உதவ முடியும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு சில நாள், ஏன் ஒரு வாரம்கூட, மலம் கழிக்காமல் இருக்கலாம். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, போகும்போது இளகலாகப் போனால் கவலை வேண்டாம். முதல் சில மாதங்களில் முகம் சிவந்து கத்திவிட்டு, கடைசியில் இளகலாகப் போகும் குழந்தைகளும் உண்டு. முக்குவதையும் தசையைத் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். தானாகச் சரியாகிவிடும்.

ஜட்டியில கறையா? ப்ளீஸ், அடிக்காதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஏழு வயசுப் பையன். டிரவுசரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறான். வகுப்பில் நாற்றம். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் அடி. “இவ்ளோ பெரிய பையன், வேணும்னே பண்றான்” என்கிறார்கள்.

அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. பல வாரங்களாகத் தேங்கிய மலம் மலக்குடலை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. விரிந்த மலக்குடலில் ‘போகணும்’ என்ற உணர்வே மங்கிவிடும். பின்னாலிருந்து வரும் இளகிய மலம், அந்தக் கெட்டி உருண்டையின் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். இதைப் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மருந்து கொடுப்பவர்களும் உண்டு. அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். வயிற்றின் இடதுபக்கக் கீழ்ப்பகுதியில் டாக்டர் கை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் அந்தக் கட்டி தட்டுப்பட்டுவிடும்.

இன்னொரு தகவல். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். ராத்திரி படுக்கையில் சிறுநீர் கழிப்பது, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருவது ஆகியவற்றுக்குப் பின்னாலும் மலச்சிக்கல் இருக்கலாம். அதைச் சரிசெய்தாலே இதுவும் குறைவதுண்டு.

அதனால் தம்பியோ தங்கச்சியோ இப்படி இருந்தால் கிண்டல் வேண்டாம், திட்டும் வேண்டாம். “உன் மேல தப்பு இல்லடா, வயித்துல அடைச்சிருக்கு, மருந்து சாப்பிட்டா சரியாயிடும்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

தட்டுல என்ன இருக்கணும்?

நார்ச்சத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. குழந்தையின் வயதோடு ஐந்தைக் கூட்டுங்கள். அத்தனை கிராம் ஒருநாளைக்கு. எட்டு வயது என்றால் 13 கிராம்.

ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. மீனிலும் முட்டையிலும் பாலிலும் நார்ச்சத்து பூஜ்யம். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் தினமும் மீன்குழம்பும் சோறும்தான் என்றால், புரதம் பிரமாதம். ஆனால் கூடவே ஒரு கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ வேண்டும்.

13 கிராம் எப்படி வரும்? 100 கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்கு மேல், அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் ஆறு, ஒரு வாழைப்பழத்தில் சுமார் மூன்று. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. பண்ருட்டி பலா சீசனில் சுளைகளை ஆசைதீரச் சாப்பிடட்டும். ஆனால் நார்ச்சத்துப் போட்டியில் கொய்யாதான் ஜெயிக்கும். இட்லிக்கு வெறும் சர்க்கரை தொட்டுச் சாப்பிடும் குழந்தைக்கு, நம்ம சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சுவைப் பழக்கிப் பாருங்கள். காரம் குறைத்துச் செய்தால் காய் தானாக உள்ளே போய்விடும்.

பாலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். “சாப்பாடு சாப்பிட மாட்றான், பாலாவது குடிக்கட்டும்” என்று ஒருநாளைக்கு நாலைந்து டம்ளர் கொடுப்பது நம்மிடம் சகஜம். வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் காய், பழத்துக்கு இடம் ஏது? நாள் ஒன்றுக்கு அரை லிட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகளுக்கு மாட்டுப்பால் புரத ஒவ்வாமையாலேயே மலச்சிக்கல் வரும். அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது, நீங்களாகப் பாலை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர்? தேவையான அளவு குடிப்பது அவசியம், அதுவும் கடலூர் வெயிலுக்குக் கட்டாயம். ஆனால், ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கும் குழந்தைக்கு இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றினால் மலச்சிக்கல் சரியாகிவிடாது. உணவும் தண்ணீரும் வராமல் தடுக்க நல்ல வழி. ஏற்கெனவே முற்றிப்போன மலச்சிக்கலுக்கு அவை மட்டும் போதாது. வாழைப்பழத்தோடு கதை முடிவதில்லை என்று சொன்னது இதனால்தான்.

சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம்

சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடலுக்கு ‘இடம் காலி பண்ணு’ என்று தகவல் போவது உடலின் இயல்பு. அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இந்த டெக்னிக்.

* காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் பிறகு, அரை மணி நேரத்துக்குள், ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.
* இண்டியன் டாய்லெட்டில் குத்தவைத்து உட்காருவது இயல்பிலேயே நல்ல பொசிஷன். வெஸ்டர்ன் என்றால் காலைத் தொங்கவிடக் கூடாது. காலுக்குக் கீழே ஒரு முக்காலியோ மணைப்பலகையோ போடுங்கள். முழங்கால், இடுப்பைவிட உயரமாக இருக்கணும்.
* முக்கத் தெரியாத குழந்தையிடம் பலூன் ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு தானாக அழுத்தும்.
* உட்கார்ந்ததற்கே காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் கொடுங்கள். ‘போனால்தான் பரிசு’ என்றால் போகாத நாளில் அழுகைதான் மிஞ்சும்.
* போன் கொடுக்காதீர்கள். கவனம் வயிற்றில் இருக்க வேண்டும், ரீல்ஸில் இல்லை.

இதற்குக் காலையில் 20 நிமிடம் சீக்கிரம் எழ வேண்டும். கஷ்டம்தான். ஆனால் மொத்தச் சிகிச்சையிலும் காசே செலவாகாத பகுதி இதுதான். காலை உணவைத் தவிர்த்தால் இந்த இயல்பான அசைவையும் சேர்த்துத் தவிர்க்கிறோம். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் தமிழகம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பாரும் தருகிறார்கள். ஸ்கூலில் சாப்பிடும் குழந்தைக்கு, அந்த உணர்வும் ஸ்கூலில்தான் வரும். அப்போது போக ஓர் இடம் வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மருந்து கொடுத்தா பழகிடுமா?

இந்தப் பயத்தில்தான் பலர் நான்கு நாளில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பிரச்னை திரும்ப வருவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

சிகிச்சைக்கு இரண்டு கட்டம். முதலில், உள்ளே தேங்கியதை வெளியேற்றுவது. பெரும்பாலும் வாய்வழி மருந்திலேயே சில நாளில் முடிந்துவிடும். எனிமா எல்லோருக்கும் தேவைப்படாது. அடுத்து, மீண்டும் தேங்காமல் தினமும் இளகலாக வைத்திருப்பது. இதுதான் நீண்ட பயணம். குறைந்தது இரண்டு மாதம் மருந்து தொடர வேண்டும். எல்லா அறிகுறிகளும் போய் ஒரு மாதமாவது நன்றாக இருந்த பிறகே, டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ஏன் இவ்வளவு நாள்? விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், குழந்தையின் மனசிலிருந்து அந்த வலி மறையவும் அவ்வளவு நாள் தேவை.

குழந்தைகளுக்கு முதலில் எழுதப்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பவுடர் அல்லது லாக்டுலோஸ் சிரப். இரண்டுமே குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குபவை. குடலைச் சோம்பேறியாக்குபவை இல்லை, அடிமையாக்குபவையும் இல்லை. லாக்டுலோஸில் சிலருக்குக் கொஞ்சம் கேஸ் வரும். டோஸ் குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்காதீர்கள்.

பாட்டி வைத்தியம்: எது ஓகே, எது வேணாம்?

உலர்திராட்சையை ஊறவைத்துக் கொடுப்பது, கீரை, பழம் எல்லாம் ஓகே. வயிற்றை வலஞ்சுழியாக மெதுவாகத் தடவிவிடுவதும் தப்பில்லை, குழந்தைக்கு இதமாக இருக்கும்.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது - இதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். அந்த மென்மையான தோல் புண்ணாகும். புண் வலிக்கும். வலிக்குப் பயந்து குழந்தை அடக்கும். எந்தச் சுழலை உடைக்கப் பார்க்கிறோமோ, அதையே மறுபடி ஆரம்பித்து வைக்கிறோம். குழந்தைக்கு விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். வயிற்றைப் பிசைந்து பேதியாகும், உடலில் நீர் குறையும். ஒரு வயதுக்குள் தேன் எந்தக் காரணத்துக்கும் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலவாகைப் பொடி குடலைத் தூண்டும் மருந்து, டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

“வயித்துல பூச்சி இருக்கும்” என்பது இன்னொரு பழைய டயலாக். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை அவசியம் சாப்பிட வையுங்கள், அது வேறு பல விஷயங்களுக்கு நல்லது. ஆனால் அது மலச்சிக்கலுக்கான மருந்து இல்லை.

டீன் ஏஜ் மக்களே, இது உங்களுக்கு!

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது காலையிலேயே டியூஷன், மத்தியானம் பாதி டிபன் பாக்ஸ், மாலை பரோட்டா, ராத்திரி ஒரு மணி வரை கண்விழிப்பு. பாத்ரூமில் போனோடு அரை மணி நேரம். குடல் பாவம் என்னதான் பண்ணும்?

மலத்தோடு சிவப்பாக ரத்தம் வந்தால் “மூலம் வந்துடுச்சு” என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் யூடியூபில் தேடாதீர்கள். உங்கள் வயதில் கெட்டியான மலத்தால் வரும் வெடிப்புதான் அதிகம். மலத்தை இளக்கினாலே பெரும்பாலும் ஆறிவிடும். ஆனாலும் ரத்தத்தைப் பார்த்தால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையால் சிலருக்கு மலம் கறுப்பாகலாம், கொஞ்சம் கெட்டியாகலாம். அதற்காகத் தூக்கி எறியாதீர்கள், ரத்தசோகைக்கு அது முக்கியம். சிரமம் என்றால் டீச்சரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். வெயிட் குறைக்கிறேன் என்று பேதி மாத்திரை போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குறைவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. உடலிலிருந்து உப்புச்சத்து வெளியேறினால் இதயத்துக்கே ஆபத்து.

தோழிகளே, பீரியட்ஸ் நாளில் ஸ்கூல் டாய்லெட்டுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது எத்தனை பேர்? அதில் மலச்சிக்கலும் சேரும், யூரின் இன்ஃபெக்‌ஷனும் சேரும். இது உங்கள் தப்பு இல்லை. அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

தாழ்ப்பாளும் ஒரு மருந்துதான்

எவ்வளவு கொய்யா கொடுத்தாலும், எவ்வளவு பவுடர் கரைத்துக் கொடுத்தாலும், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை போகவே முடியாத இடத்தில் குழந்தை இருந்தால் சிகிச்சை பாதியில் நிற்கும்.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்பது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிவறையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கட்டடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, யார் கழுவுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஒரு குழந்தை உள்ளே போவதா, அடக்குவதா என்று முடிவெடுப்பது இரண்டாவது கேள்வியை வைத்துத்தான்.

2019-ல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவே தனியாக ‘வாட்டர் பெல்’ அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல விஷயம். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக ஓர் இடம் இல்லையென்றால், பிள்ளைகள் பெல் அடித்தாலும் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்? அரசுப் பள்ளிகளில் பெற்றோர்களைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசும் முன், ஒரு நடை டாய்லெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. கிளாஸ் டீச்சரிடம், “இவனுக்கு டிரீட்மென்ட் போகுது மிஸ், கேட்டா உடனே விடுங்க” என்று ஒரு சின்னக் கடிதம் கொடுங்கள். தனியார் பள்ளியாக இருந்தாலும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஃபீஸ் கட்டுகிறோம்தானே?

எப்போ உடனே ஹாஸ்பிட்டல்?

இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் காத்திருக்க வேண்டாம்:

* பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் மலம் போகவில்லை, அல்லது பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல்
* வயிறு உப்பி, பச்சை நிறத்தில் வாந்தி
* மலச்சிக்கலோடு காய்ச்சல், எடை ஏறாமை, வளர்ச்சி குறைவு
* வெடிப்பு எதுவும் தெரியாமல் மலத்தில் ரத்தம்
* கால் பலவீனம், நடையில் மாற்றம், முதுகின் கீழ்ப்பகுதியில் குழி அல்லது முடிக்கற்றை
* கடுமையான வயிற்றுவலியோடு காற்றும் பிரியவில்லை

பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் போகும் ‘ஹிர்ஷ்பிரங்’ நோய், தைராய்டு குறைவு, தண்டுவடப் பிரச்னை போன்றவை அரிதாக இதற்குப் பின்னால் இருக்கலாம். ஹிர்ஷ்பிரங் நோய்க்கு ஆபரேஷன்தான் வழி. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிள்ளை பிழைக்கும், நன்றாகவும் வளரும்.

நம்ம ஏரியாவில் எங்கே போவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு காமராஜர் மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் அண்ணாமலை நகரில், இன்றும் பலர் ‘ராஜா முத்தையா’ என்றே சொல்லும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெயரில்தான் கடலூர், இருப்பது சிதம்பரத்தில். வெளியூரிலிருந்து வருபவர்கள் குழம்ப வேண்டாம். குழந்தை அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மரும் பக்கம்தான். எங்கே போவதென்று தெரியவில்லை என்றால் 104-க்கு போன் பண்ணி ஆலோசனை கேட்கலாம்.

முதலில் பார்த்த அந்த எட்டாம் வகுப்பு மாணவிக்கு என்ன வேண்டும்? சில மாதம் மருந்து, காலையில் கூடுதலாக 20 நிமிடம், தாழ்ப்பாள் விழும் ஒரு கதவு, “வலிக்குதாம்மா?” என்று கேட்கும் ஒரு ஆள். இதில் மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். மற்றதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது.

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் உங்கள் வீட்டுக் குட்டியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: “ஸ்கூல்ல டாய்லெட் எப்படி இருக்கு?” பதில் வந்தால், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.